லூவஸ்டெய்ன் கோட்டை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆற்றங்கரையில் தனியாக நிற்கிறதே, இதை யார், எதற்காகக் கட்டினார்கள்?

பதில்: நெதர்லாந்தில் இருக்கும் இந்தக் கோட்டையை டிர்க் லூஃப் வான் ஹோர்ன என்ற பிரபு, 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கட்டினார். மாஸ், வால் என்ற இரு நதிகள் கூடிய இடம் அது. அவ்வழியே வரும் படகுகளிடம் சுங்கம் வாங்க ஏற்ற இடம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோட்டை ஹாலந்து கோமகன் வசம் போய்விட்டது. 1904இல் மாஸ் நதியைத் திருப்பிவிட்டதால், இன்று அங்கே ஓடுவது அதன் பழைய கிளைதான்.

கேள்வி: அண்ணா, புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து ஒரு கைதி தப்பினாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். அவர் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ். மத, அரசியல் சண்டையில் டச்சுப் படைத்தலைவரான இளவரசர் மாரிட்ஸுக்கு எதிரணியில் இருந்ததால் 1619இல் ஆயுள் தண்டனை பெற்றார். மனைவி மரியாவும் கோட்டைக்குள் வந்து அவருடன் தங்கினார். படிக்கப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து போகும். காவலர்கள் முதலில் திறந்து பார்த்தார்கள், நாள்பட நாள்பட விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்துத் திட்டம் போட்டவர் மரியா. 1621 மார்ச் 22 அன்று குரோஷியஸ் பெட்டிக்குள் படுத்துக்கொள்ள, சிப்பாய்களே அதைத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள். பணிப்பெண் எல்ஸ்யே பெட்டியுடன் கொர்க்கம் ஊர்வரை போனாள். அங்கிருந்து அவர் கொத்தனார் வேடத்தில் ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தார். கோட்டையிலேயே தங்கிவிட்ட மரியாவைப் பிறகு விடுவித்தார்கள். இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் குரோஷியஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இரு பெண்களின் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: அந்தப் பெட்டி இப்போது எங்கே?

பதில்: ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் ஒன்று, டெல்ஃப்டில் ஒன்று. இரண்டுக்கும் அந்தப் பெருமையைச் சொல்கிறார்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் சட்டத்துக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. ஹாலந்தின் சட்டத்துக்கு ஓர் அறிமுக நூலை அவர் அந்தச் சிறையில்தான் எழுதினார், அதுவும் லத்தீனில் இல்லாமல் டச்சு மொழியில். 1631இல் அச்சானது. ரோமச் சட்டமும் ஹாலந்து வழக்கங்களும் கலந்த ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடிப்படை நூல்களில் அதுவும் ஒன்று. டச்சுக்காரர்களோடு இலங்கைக்கு வந்த அந்தச் சட்டம் இன்றும் அங்கே பொதுச் சட்டமாக இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை எதுவும் சொல்லாத இடங்களில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: கோட்டையில் போர் நடந்ததா?

பதில்: ஸ்பெயின் ஆட்சியை டச்சுக்காரர்கள் எதிர்த்த காலம் அது. 1570 டிசம்பரில் ஹெர்மன் டி ரைட்டர் என்ற மாட்டு வியாபாரி, துறவி வேடமிட்ட சிலரோடு நுழைந்து கோட்டையைப் பிடித்தார். ஸ்பானியர் அதை மீட்க வந்தபோது வெடிமருந்துக்குத் தீ வைத்துத் தானும் மாண்டார் என்பது வழிவழிச் செய்தி. பின்னாளில் கோட்டை, நிலத்தில் நீரைப் பாய்ச்சி எதிரியைத் தடுக்கும் டச்சு நீர்க்காப்பு வரிசையில் சேர்ந்தது. இப்போது அருங்காட்சியகம். பார்க்கப் போகிறவர்கள் கோடையில் கொர்க்கத்திலிருந்து படகில் போங்கள்.