உள்ளூர் 20 ஓவர் போட்டிகளை நகர அணிகளிடம் கொடுத்துவிடலாமா? விசுவமடுவிலிருந்து ஒரு பதில்

கேள்வி: "இலங்கையில் கழகங்களுக்கிடையிலான 20 ஓவர் கிரிக்கெட் போட்டிகளை நிறுத்திவிட்டு, எல்.பி.எல். (லங்கா பிரீமியர் லீக்) மாதிரி முதலாளிகள் வாங்கி நடத்தும் நகர அணிகளை மட்டும் வைத்து நடத்தினால் என்ன?"

நகர அணிகள் இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் கேள்வியில் இருக்கிற "மட்டும்" என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

கேட்ட விதத்தைப் பார்த்தால், வீட்டுக்குக் கிட்ட மைதானமும் வலைப்பயிற்சியும் இருந்த இடத்தில் வளர்ந்தவர் போலத் தெரிகிறீர்கள். பிழை என்றால் மன்னியுங்கள். நான் விசுவமடுப் பக்கம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் வரும் ஊர். எங்கள் ஊர்க் கழகத்துக்கு ஆறு வருசம் செயலாளராக இருந்தேன்.

2013இல் எங்களிடம் ஒரு பொடியன் இருந்தான். இடக்கை வேகப்பந்து, 17 வயது. ரெனிஸ் பந்தில் அவனை அடிக்க ஆளில்லை. தருமபுரம், புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான் என்று எங்கே மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தாலும் கடைசி ஓவர் அவனுக்குத்தான். அந்த நேரம் நகரத்தில் கடினப் பந்து (தோல் பந்து) வீரர் தெரிவு ஒன்று நடக்குது என்று கேள்விப்பட்டு, விடிய நாலரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சப்பாத்து இன்னொருவரின் சப்பாத்து. வெள்ளை நீளக் காற்சட்டை அவனுடைய அண்ணனின் பாடசாலைக் காற்சட்டை.

அங்கே ஒரு படிவம் தந்தார்கள். பெயர், பிறந்த திகதி, பாடசாலை எல்லாம் எழுதினான். அதற்குக் கீழே "கடினப் பந்தில் விளையாடிய போட்டிகள்", "எடுத்த விக்கெட்டுகள்" என்று இரண்டு கட்டம். பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். "என்னண்ணை எழுதுறது?" என்றான். "உள்ளதை எழுது" என்றேன். இரண்டிலும் 0 போட்டான்.

ஆறு பந்து போடச் சொன்னார்கள். ரெனிஸ் பந்து 60 கிராமும் வராது. தோல் பந்து 156 தொடக்கம் 163 கிராம். அதன் தையலில் விரல் வைத்து எறிந்து பழகாத கை எப்போது விடும் என்று அந்தக் கைக்கே தெரியாது. இரண்டு வைட், ஒன்று இடுப்பளவு ஃபுல்ரொஸ். மிச்சம் மூன்றும் நல்ல பந்து. அதில் ஒன்று துடுப்பாட்டக்காரனின் கையுறையில் பட்டு எழும்பிப் போனது.

தெரிவு செய்தவரை நான் குறை சொல்லமாட்டேன். பொடியனைத் தனியே கூப்பிட்டுத் தோளில் கை வைத்து, "தம்பி, உன்ர கையில வேகம் இருக்கு. ஒரு பத்து மட்ச் விளையாடிப்போட்டு அடுத்த வருசம் வா" என்றார். நேர்மையான மனிதர். அவர் சொன்னது சரியான புத்திமதி.

அந்தப் பத்து மட்ச்சை எங்கே விளையாடுவது? என்னுடைய பதில் முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

நாங்கள் முயற்சி செய்தோம். ஊரில் காசு சேர்த்தோம். வெளிநாட்டில் இருக்கிற இரண்டு பேர் உதவினார்கள். ஆடுகளத்தில் விரிக்கிற தும்புப் பாய், அதுதான் மற்றிங், ஒன்று வாங்கினோம். 66 அடிக்குக் கிரவல் போட்டுத் தட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்கி, அதன் மேலே மற்றிங்கை இழுத்து ஆறு அங்குல ஆணி அடிக்க நாலு பேர் வேண்டும். இழுவை குறைந்தால் நடுவில் மடிப்பு விழும், பந்து முகத்துக்கு வரும். கால்காப்பு மூன்று சோடிதான் இருந்தது. ஒருவன் ஆட்டமிழந்தால் எல்லைக் கோட்டிலேயே கழற்றி அடுத்தவனுக்குக் கட்டிவிடுவோம். எதிரணிக்கும் அதே மூன்று சோடி.

எதிரணி கிடைப்பதுதான் பெரும்பாடு. மென்பந்து ஆட எத்தனையோ கழகங்கள் இருந்தன. கடினப் பந்து என்றதும் எங்களைச் சுற்றி மூன்றோ நாலோ அணிதான். 50 ஓவர் வைக்க ஏலாது. இரண்டு நேரச் சாப்பாடு வேண்டும், ஞாயிறு முழுக்கப் போய்விடும். 20 ஓவர் என்றால் எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்து, வந்தவர்களைப் பஸ் ஏற்றிவிடலாம். 20 ஓவர் ஆட்டத்தைத் தொலைக்காட்சிச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசில்லாத ஊர்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரேயொரு கடினப் பந்து ஆட்டம் அதுதான்.

நாலு மட்ச் விளையாடினோம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மற்றிங்கை ஒரு களஞ்சிய அறையில் சுருட்டி வைத்தோம். தையில் எடுத்துப் பார்த்தால் பாதியைக் கறையான் அரித்திருந்தது. அடுத்த தெரிவுக்கு அவன் போகவில்லை. "நாலு எண்டு எழுதவோ அண்ணை?" என்று கேட்டான். பிறகு மேசன் வேலைக்குப் போய், அங்கிருந்து கட்டாருக்குப் போய்விட்டான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்கு வெளியே என்றாலும். பாடசாலை விட்டபின் பயிற்சிக்கு நின்ற பிள்ளைகள் சீசன் ரிக்கற்றோடு (மாணவர்களின் சலுகைப் பஸ் சீட்டு) வீதியில் நின்றால் பஸ் நிற்பதில்லை. கை காட்டக் காட்டப் போகும். ஆறு மணிக்குப் பெண்பிள்ளைகளும் அப்படி நின்றதைக் கண்டிருக்கிறேன். எத்தனையோ தாய்மார் "விளையாட்டு வேண்டாம், நேரத்துக்கு வீட்டை வா" என்றதற்குக் காரணம் படிப்பு இல்லை, அந்தப் பஸ். இதைப் பற்றி நான் கொடுத்த கடிதங்களுக்கு ஒரு பதிலும் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். கழகங்களுக்காக நான் வாதாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். முதல்தரக் கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பிலும் அதைச் சுற்றியும் இருப்பவை. முரளிதரன் விளையாடிய தமிழ் யூனியன் கழகமும் கொழும்புக் கழகம்தான். விசுவமடுப் பொடியனுக்கு அங்கே போக ஒரு வழி இருந்தது என்று சொன்னால் அது பொய். அந்த ஏற்பாடு இப்படியே இருக்கட்டும் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நகர அணி வந்ததால் வழி திறந்ததா? 2012இல் மாகாணப் பெயர்களோடு எஸ்.எல்.பி.எல். (ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்) நடந்தது. வடக்குக்கு உத்துர ருத்ராஸ் என்று ஒரு அணி. ஒரு முறையோடு அந்தப் போட்டியே நின்றுபோனது. 2020இல் எல்.பி.எல். வந்தது. யாழ்ப்பாண அணி 2020, 2021, 2022, 2024 என்று நாலு தடவை கிண்ணம் எடுத்தது. முதலாவது வருசம் எங்கள் யாழ்ப்பாணத்துச் சுழற்பந்துக்காரர் வியாஸ்காந்த் பந்தெடுத்து, முதல் விக்கெட்டாக இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூசை வீழ்த்தியபோது எங்கள் சந்திக் கடையில் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி இருபது பேர் நின்றோம். எனக்குக் கண் கலங்கியது. அந்தப் பிள்ளை 2024இல் ஐ.பி.எல்.லில் ஹைதராபாத்துக்கும் விளையாடியது எங்கள் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அவர் யாழ். மத்திய கல்லூரியில் கடினப் பந்து விளையாடி வளர்ந்தவர். அந்தப் பத்து மட்ச்சும் அதற்கு மேலும் அவருக்குக் கிடைத்தது. அதனால்தான் அணி வந்தபோது அவர் தயாராக நின்றார்.

இப்படிச் சொன்னால் யாழ்ப்பாணத்துக்கு எதிராகக் கதைக்கிறான் என்று பின்னூட்டம் வரும். என் மனைவியின் ஊர் யாழ்ப்பாணத்து வடமராட்சி, என் பிள்ளைகளுக்கு அங்கேதான் அம்மம்மா வீடு. நான் சொல்வது வேறு. அணியின் பெயர் யாழ்ப்பாணம் என்று இருந்தாலும் 2024 வரை நடந்த ஐந்து முறையிலும் ஒரு ஆட்டம்கூட வடக்கில் நடக்கவில்லை. முதல் வருசம் கொரோனாவால் எல்லாமே அம்பாந்தோட்டையில். பிறகு கொழும்பு, பல்லேகலை, தம்புள்ளை. 2025 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நட்டார்கள். அது முடிந்தால் எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தை நேரில் பார்க்கலாம். பார்ப்பது ஒன்று, விளையாடுவது வேறொன்று.

இடத்தையும் எண்ணிப் பாருங்கள். எல்.பி.எல். ஆட்டத்தில் ஒரு அணியின் 11 பேரில் 4 வெளிநாட்டவர் விளையாடலாம். மிச்சம் 7 இடம். ஐந்து அணிக்கும் சேர்த்து 35. கழகப் போட்டியை நிறுத்திவிட்டால் முழு நாட்டுக்கும் உயர்மட்ட 20 ஓவர் ஆட்டத்தில் அந்த 35 இடம்தான். அதையும் ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள்தானே நிரப்புவார்கள்?

மற்ற நாடுகளிலும் மேலே நகர அணி வந்ததற்காக அடியை வெட்டிவிடவில்லை. இந்தியாவில் 2008இல் ஐ.பி.எல். தொடங்கியபின்னும் மாநிலங்களுக்கிடையில் சையத் முஷ்டாக் அலி கிண்ணம் 20 ஓவரில் நடக்கிறது. இங்கிலாந்தில் 2021இல் எட்டு நகர அணிகளோடு ஹண்ட்ரட் என்ற 100 பந்துப் போட்டி வந்தது, 18 கவுண்டி (பிராந்திய) அணிகளும் தங்கள் 20 ஓவர் போட்டியை விடவில்லை. 2011இல் மாநில அணிகளை எட்டு நகர அணிகளாக மாற்றிய அவுஸ்திரேலியாவை நீங்கள் காட்டலாம். அங்கே ஒவ்வொரு நகரத்திலும் கிழமைதோறும் கடினப் பந்து ஆடுகிற கழகங்கள் முன்பே வேரோடி இருந்தன.

எனக்கு எப்போதும் நினைவு வருவது இந்திய அணிக்கு விளையாடிய வேகப்பந்துக்காரர், சேலத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரும் ரெனிஸ் பந்தில் வளர்ந்த இடக்கைக்காரர். ஆனால் அவருக்குச் சென்னையில் நாலாம் பிரிவு லீக் இருந்தது, பிறகு மாநிலங்களுக்கிடையிலான ரஞ்சிக் கிண்ணம், பிறகு 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக். 2017இல்தான் ஐ.பி.எல். ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அவருக்குப் பந்து கொடுத்தார்கள். எங்கள் பொடியனுக்குக் கறையான் அரித்த மற்றிங்தான் இருந்தது.

ஆகவே நகர அணிகளை வைத்திருங்கள். அவற்றுக்குக் கீழே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் கடினப் பந்து 20 ஓவர் போட்டி வேண்டும். ஒரு பிள்ளைக்கு வருசம் பத்து மட்ச். நகர அணியை வாங்குகிறவருக்கு அந்தச் செலவையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள், ஒரு வெளிநாட்டு வீரருக்குக் கொடுக்கும் தொகையில் எத்தனை மற்றிங் வாங்கலாம் என்று கணக்குப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இந்த வருசம் எங்கள் புதுச் செயலாளர் ஆறு மட்ச் ஒழுங்கு செய்திருக்கிறார். ஏழாவதுக்கு எதிரணி தேடுகிறோம். உங்களில் யாராவது வவுனியாப் பக்கமோ மன்னார்ப் பக்கமோ கடினப் பந்து விளையாடுகிற அணியில் இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றிங்கும் பந்தும் எங்களிடம் இருக்கு, மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. கால்காப்பு மட்டும் இரண்டு சோடி கொண்டு வாருங்கள்.