பழைய கார் ஸ்டீயரிங்குக்கு லெதர் உறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் காரின் ஸ்டீயரிங் 16 அங்குலம், ரிம் மெலிசு. கடையில் வாங்கிய லெதர் கவரை மாட்டினால், திருப்பும்போது கவர் மட்டும் தனியே சுற்றுகிறது. தரம் குறைந்த கவரா?

பதில்: முதலில் அந்தக் கவரைக் கழற்றிவிடுங்கள். வளைவில் வீல் அப்படியே நிற்க, கவர் மட்டும் கையோடு வருவது ஆபத்து. கோளாறு தரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில் கைக்கு நெம்பு கிடைக்க வேண்டும் என்றுதான் வீலை 16, 17 அங்குலம் வரை பெரிதாகச் செய்தார்கள். ரிம்மின் தடிமனோ 20 முதல் 24 மி.மீ. மட்டும். இன்றைய வீல் பெரும்பாலும் 15 அங்குலத்தை ஒட்டியிருக்கும். ரிம் 30 மி.மீ. பக்கம் வரும். ரெடிமேட் கவர் இந்தக் குண்டு ரிம்முக்கு வெட்டப்பட்டது. உங்கள் மெலிசான ரிம்மை அது எப்படி இழுத்தாலும் கவ்வாது.

உங்களுக்குத் தேவை தைத்து இறுக்கும் உறை. அதற்கு இரண்டு அளவுகள் எடுங்கள். ஒன்று, ரிம்மின் வெளிவிளிம்பைச் சுற்றி தையல் டேப்பால் எடுக்கும் சுற்றளவு. 16 அங்குல வீலுக்கு இது சுமார் 1275 மி.மீ. வரும். மற்றொன்று, கைப்பிடியின் குறுக்குச் சுற்றளவு. இதற்கு ஒரு தாள் பட்டையை ரிம்மில் இறுக்கிச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் பிளேடால் கீறி, விரித்து அளக்க வேண்டும். 22 மி.மீ. தடிமன் ரிம்முக்கு 69 மி.மீ. கிடைக்கும். ஓரிடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள், எட்டு இடங்களில் எடுங்கள். ரிம்மின் பின்பக்கம் விரல் பதியும் மேடுபள்ளங்கள் இருந்தால் மேட்டில் ஓர் அளவு, பள்ளத்தில் ஓர் அளவு வேண்டும். 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பட்டையின் அகலத்தையும் அந்தந்த இடத்தில் மாற்றித்தான் வெட்ட வேண்டும்.

கேள்வி: தோல் வாங்கி நானே வெட்டித் தைக்க விரும்புகிறேன். எந்தத் தோல், எவ்வளவு பெரிதாக வெட்டுவது?

பதில்: குரோம் (குரோமிய உப்பில்) பதனிட்ட, மேல்பரப்பு தேய்க்கப்படாத மாட்டுத்தோல், 1.0 முதல் 1.2 மி.மீ. தடிமன். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் பெல்ட்டுக்கும் பைக்கும் அருமையானது. ரிம்மின் இரட்டை வளைவுக்கு அது விறைப்பு. 1.5 மி.மீ.க்கு மேல் தடித்த எந்தத் தோலும் உள்வளைவில் மடிப்பு விழும். சோஃபாவுக்கு விற்கும் தோலில் பல 1.2 மி.மீ. பக்கம் இருக்கும், ஆனால் மேலே கனமாகப் பூச்சு ஏறியிருந்தால் வழுக்கும். வாங்குமுன் விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள்.

மடிப்பு ஏன் விழுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் வெட்டும் அளவு தானாக வரும். 406 மி.மீ. விட்டமுள்ள வீலில் வெளிச்சுற்று 1275 என்றால், தையல் ஓடும் உட்சுற்று 1137தான். ஒரே பட்டை வெளியே 1275 நீளத்துக்கு நீண்டும் உள்ளே 1137க்குச் சுருங்கியும் நிற்க வேண்டும்; 138 மி.மீ. தோல் உள்பக்கம் உபரி. அதனால் பட்டையை வெளிச்சுற்றைவிட 3 சதவீதம் குறைத்து, அதாவது 1237 மி.மீ.க்கு வெட்டி, இழுத்து மாட்டுகிறோம். உபரி 100 மி.மீ.க்கு இறங்கிவிடும், மீதியைத் தையல் கண்களே பகிர்ந்துகொள்ளும். இரு முனைகளையும் சேர்க்கத் தையல் விடுப்பு முனைக்கு 6 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 6 மி.மீ.யின் உட்புறத்தைக் கத்தியால் சீவி அரை மி.மீ. ஆக்காவிட்டால் சேரும் இடம் புடைத்து, ஓட்டும்போதெல்லாம் உள்ளங்கையில் உறுத்தும்.

அகலம், தாள் அளவில் 2 மி.மீ. குறைவு: 69க்கு 67. தோலின் தடிமனும் சேர்வதால் சுற்றிப் போர்த்தும்போது விளிம்புகளுக்கிடையே 5, 6 மி.மீ. இடைவெளி தெரியும். பயப்பட வேண்டாம், நூல் மூடப்போவது அந்த இடைவெளியைத்தான். முதலிலேயே விளிம்புகள் முட்டிக்கொண்டால் உறை இறுகாது. முழுப் பட்டையை வெட்டுமுன் 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டித் தைத்துப் பார்த்துவிடுங்கள். தோலுக்குத் தோல் நீட்சி மாறும். முதுகுப் பகுதியில் குறைவாகவும் வயிற்றுப் பகுதியில் அதிகமாகவும் இழுபடும், ஆகவே பட்டையை முதுகுத்தண்டுக்கு இணையாக, முதுகை ஒட்டிய பகுதியிலேயே வெட்டுங்கள்.

கேள்வி: ரிம்மில் நாலைந்து விரிசல்கள். உறைக்குள் மறைந்துவிடும்தானே?

பதில்: மறையும், சரியாகாது. உள்ளே இருக்கும் இரும்பு வளையமும் மேலே வார்த்த கடினப் பிளாஸ்டிக்கும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அதனால்தான் விரிசல் பெரும்பாலும் ஸ்போக் சேரும் இடத்தில் தொடங்குகிறது. அப்படியே மூடினால் விரிசலின் கூர்விளிம்பு தோலை அடியிலிருந்து அறுக்கும். வியர்வை உள்ளே இறங்கி இரும்பு துருவேறும்.

விரிசலை ரம்பத்தால் இரும்பு தெரியும்வரை 3 முதல் 5 மி.மீ. அகலத்துக்கு 'வி' வடிவில் திறந்துவிடுங்கள். துருவைச் சுரண்டி, இரு பொருள் கலக்கும் எபாக்ஸி புட்டியைச் சற்று மேடாக அடைத்து 24 மணி நேரம் விடுங்கள். பிறகு 80, 120, 240 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்து மட்டமாக்குங்கள். கண்ணை மூடித் தடவினால் இணைப்பு கைக்குத் தெரியக் கூடாது, ஏனெனில் மெல்லிய தோல் எதையும் மறைக்காது. திறந்து பார்க்கையில் இரும்பே அரித்து மெலிந்திருந்தாலோ, ஸ்போக் மையத்தில் ஆடினாலோ உறை வேலையை நிறுத்திவிடுங்கள்; அந்த வீலை ஓட்டுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. ரிம்மிலிருந்து வினிகர் வாடை வந்தால் அது சிதைந்துகொண்டிருக்கும் செல்லுலோஸ் வகைப் பிளாஸ்டிக். காற்றில்லாமல் மூடினால் வெளிவரும் அமிலம் உள்ளேயே தங்கி அந்தச் சிதைவை விரைவுபடுத்தும், தோலையும் கெடுக்கும். அதற்கும் உறை வேண்டாம்.

கேள்வி: தைப்பதை வரிசையாகச் சொல்லுங்கள்.

பதில்: துளையிலிருந்து தொடங்குவோம். விளிம்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி, 5 மி.மீ.க்கு ஒன்று. 1237 மி.மீ. பட்டையில் ஒரு விளிம்புக்கு 247 துளைகள் வரும். இரு விளிம்பிலும் எண்ணிக்கை ஒன்றாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஒன்று பிசகினாலும் கடைசியில் தையல் கோணும். விளிம்பில் முன்பே இயந்திரத் தையல் ஓடிய உறை என்றால் துளை வேண்டாம், ஊசியை அந்தத் தையல் கண்ணுக்கு அடியில் நுழைத்தால் போதும்.

முனைகளைச் சேர்த்து வளையமாக்குங்கள். வெதுவெதுப்பாகும்வரை ஹேர் டிரையரால் சூடுகாட்டினால் தோல் இளகும். வீலை நேராக நிறுத்தி, ரிம்மில் மேல் நடுவும் கீழ் நடுவும் சாக்பீஸால் குறியுங்கள். சேர்த்த தையல் கீழ் நடுவில் உட்காரட்டும். மேலிருந்து போட்டு, இரு பக்கமும் சமமாகக் கீழே இழுத்து ஏற்றுங்கள். ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் உறை முறுக்கிக்கொள்ளும். ஏறியதும் ஆறேழு இடங்களில் துணி கிளிப் போட்டு, விளிம்புகள் ரிம்மின் உள்பக்க நடுவில் சந்திக்கின்றனவா என்று சுற்றிலும் பாருங்கள். இந்தச் சரிபார்ப்பில் அரை மணி நேரம் போனாலும் போகட்டும்.

நூல் 0.8 மி.மீ. மெழுகிட்ட பாலியெஸ்டர். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். தைக்கும் நீளத்தின் ஐந்து மடங்கு நூல் எடுங்கள்: மூன்று ஸ்போக் வீலில் ஒரு பகுதி 380 மி.மீ. என்றால் 1.9 மீட்டர். முழு வீலுக்குக் கழிவோடு 8 மீட்டர் வைத்துக்கொள்ளலாம். நூலின் இரு முனைகளிலும் முனை மழுங்கிய, வளைந்த ஊசி ஒவ்வொன்று. கூர் ஊசி தோலையும் நூலையும் சேர்த்துக் குத்திவிடும்.

ஸ்போக்கை ஒட்டிய முதல் ஜோடித் துளைகளில் அடியிலிருந்து மேலே இரு ஊசிகளையும் எடுத்து, நூலின் நடு சரியாக இடைவெளியில் நிற்கும்படி சமமாக்குங்கள். இடது நூல் இடைவெளிக்கு மேலே கடந்து, வலது விளிம்பின் அடியில் புகுந்து, அடுத்த வலது துளை வழியாக வெளியே வரும். வலது நூல் அதேபோல் இடது துளைக்கு. எப்போதும் ஒரே நூல் முதலில் கடக்கட்டும். வரிசை மாறிய இடத்தில் மீன்முள் வடிவம் உடைந்து பளிச்செனத் தெரியும். ஐந்து தையலுக்கு ஒருமுறை மழுங்கிய கொக்கியால் முதலிலிருந்து ஒவ்வொரு கண்ணாக இழுத்துத் தொய்வை எடுங்கள். கடைசியில் ஒரே இழுப்பாக இழுத்தால் முன்னே போட்ட தையல் இறுகாது, கடைசித் துளைதான் கிழியும். விளிம்புகள் முட்டியதும் போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. முடிவில் இரட்டை முடிச்சுப் போட்டு, ஊசியை உறைக்கு அடியில் 20 மி.மீ. ஓட்டி வெளியே எடுத்து நறுக்குங்கள். சுண்டுவிரலில் டேப் ஒட்டிக்கொள்ளாவிட்டால் நூல் அறுத்துவிடும். முதல்முறை செய்பவருக்கு ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும்.

கேள்வி: ஸ்போக் வரும் இடத்தில் எப்படிக் கடப்பது? என் வீலில் ஒவ்வொரு ஸ்போக்கும் நாலு மெல்லிய கம்பிகள்.

பதில்: தட்டையான ஸ்போக் என்றால் அதன் அகலத்துக்குக் குறுக்குத் தையல் இல்லை. முன் விளிம்பின் நூல் முன் விளிம்பிலேயும் பின் விளிம்பின் நூல் பின்னாலேயும் துளை துளையாக ஓடி, ஸ்போக்கைத் தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். கம்பி ஸ்போக்குக்கு இடையிடையே ஒன்றிரண்டு குறுக்குத் தையலுக்கு இடம் கிடைக்கும், விடாதீர்கள். இல்லாவிட்டால் அங்கே தோல் வாய் பிளக்கும். தோலில் ஸ்போக்குக்காக வெட்டுவாய் கொடுப்பதாக இருந்தால், உறையை மாட்டி மற்றப் பகுதியைத் தைத்த பிறகே வெட்டுங்கள். முன்கூட்டி வெட்டிய வாய் இழுக்கும்போது நகர்ந்துவிடும்.

கேள்வி: நகராமல் இருக்கப் பசை போடலாமா?

பதில்: வேண்டாம். சரியாக அளந்து தைத்த உறை இறுக்கத்தாலேயே நிற்கும். பசை தேவைப்படுகிறது என்றால் அளவு தவறியிருக்கிறது. காண்டாக்ட் பசையிலுள்ள கரைப்பான் பழைய பிளாஸ்டிக்கை இளக்கும், தோலில் கறையாக மேலே ஊறும். நாளை உறையைக் கழற்றி அசல் ரிம்மைக் காட்ட நினைத்தால் பசையோடு மேல்பரப்பும் உரிந்து வரும். சேரும் தையலுக்கு அடியில் மட்டும் 30 மி.மீ. மெல்லிய இருபக்க டேப் ஒட்டலாம்.

கேள்வி: தோலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தைக்கச் சொல்கிறார்களே?

பதில்: குரோம் தோலை ஈரத்துணியால் பின்பக்கம் துடைத்து லேசாக நனைக்கலாம், காயும்போது கொஞ்சம் இறுகும். பட்டைச்சாற்றுத் தோலுக்குச் சுடுநீர் ஆகாது, சுருங்கிக் கட்டையாகிவிடும். உள்ளே நுரைப்பஞ்சு ஒட்டிய உறையை நனைக்கவே கூடாது.

கேள்வி: வீலைக் கழற்றித்தான் தைக்க வேண்டுமா?

பதில்: காரிலேயே தைக்கலாம். கழற்றி மடியில் வைத்துத் தைத்தால் கோணல் குறையும். கழற்றுவதானால் முதலில் பேட்டரியின் எர்த் இணைப்பை எடுங்கள். பழைய கார்கள் பலவற்றில் எர்த் என்பது பாசிட்டிவ், கவனம். சக்கரங்களை நேராக வைத்து, வீலிலும் அது உட்காரும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மூன்று மரை விட்டுவையுங்கள். வீலை இழுத்துக் கழற்றும் கருவியான புல்லரைப் போடும்போது வீல் திடீரென்று விடுபட்டு முகத்தில் அடிக்காமல் அது தடுக்கும். சுத்தியலால் தட்டக் கூடாது, தண்டின் பேரிங் கெடும். மாட்டும்போது நட்டின் இறுக்கம் அந்த மாடலின் கையேட்டில் உள்ளபடிதான். இன்னொன்று: உறை ரிம்மின் தடிமனில் 2 மி.மீ.க்கு மேல் கூட்டும். ஹார்ன் ரிங், இண்டிகேட்டர் நெம்புகோல், கியர் தண்டு மூன்றும் உரசாமல் இருக்கின்றனவா என்று வீலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: அழகான மர ரிம். பிடிமானத்துக்காக உறை தைக்கலாமா?

பதில்: நல்ல மரத்தை மூடாதீர்கள். வியர்வை ஈரம் உறைக்குள் தங்கி வார்னிஷைக் கிளப்பும், மரத்தின் ஒட்டு விடும். வழுக்குகிறது என்றால் மெல்லிய லெதர் கையுறை போட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: தைத்து முடித்தாயிற்று. மேல் நடுவில் உள்பக்கம் மட்டும் சுருக்கம். பிரிக்க வேண்டுமா?

பதில்: உடனே பிரிக்காதீர்கள். சுருக்கத்தின் மேல் வெதுவெதுப்பான காற்றை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டி, கட்டைவிரலால் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தேய்த்து, ஆறும்வரை பிடித்திருங்கள். சிறு சுருக்கம் இரண்டு மூன்று முறையில் படிந்துவிடும். விரலால் கிள்ளி எடுக்கும் அளவுக்குத் தோல் எழும்பினால் பட்டை நீளம் கூடிவிட்டது. அதற்குக் கீழ் நடுவின் சேர்ப்பைப் பிரித்து 5, 10 மி.மீ. குறைத்து மறுபடி தைப்பதுதான் வழி. புது நூல் போடுங்கள், ஒருமுறை இழுபட்ட நூலின் மெழுகு போயிருக்கும்.

கேள்வி: உறைக்கு என்ன எண்ணெய் தடவுவது?

பதில்: சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும், கை வழுக்கும். சிலிக்கான் பாலிஷும் அப்படித்தான். மாதம் ஒருமுறை பிழிந்த ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை லெதர் கண்டிஷனரை மிகக் குறைவாகத் தேய்த்து, ஓர் இரவு விட்டு, உலர்ந்த துணியால் துடைத்த பிறகே ஓட்டுங்கள்.