அண்மையில் நீங்கள் ரசித்து வாசித்த புத்தகங்கள் எவை?

புதுப் புத்தகங்களின் பெயர் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வருஷம் நான் விரும்பி வாசித்ததெல்லாம் என்னைவிட வயதில் மூத்த எழுத்து.

முதலாவது 'கண்ணகி வழக்குரை', கண்ணகி கதையைச் சொல்லும் பழைய பாடல் நூல். பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தது. எனக்கு ஊர் கிழக்கிலங்கையின் தம்பிலுவில். வைகாசியில் கண்ணகை அம்மன் கோவில் கதவு திறந்தால் குளிர்த்தி என்ற நிறைவுச் சடங்கு வரைக்கும் இரவிரவாக இதைத்தான் படிப்பார்கள். மணலில் பன்பாய் போட்டு, அம்மம்மாவின் மடியில் தலைவைத்துக் கேட்ட பாட்டு. "நித்திரையாகிராத மனே, இப்பதான் கப்பல் போகப்போகுது" என்று தோளில் தட்டுவா. கப்பல் போகமுதல் நான் போயிருப்பேன்.

அந்தக் கப்பலை நாற்பது வயது கடந்துதான் பிடித்தேன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி கொண்டுவர மீகாமன் கடலோடுகிறான், வெடியரசனோடு சண்டை பிடிக்கிறான். சிலப்பதிகாரத்தில் இந்தக் கதையே கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்த கண்ணகி புகார் வணிகனின் மகள். இங்கே அவள் பாண்டியனின் மாங்கனியிலிருந்து பிறக்கிறாள். நாட்டுக்கு ஆகாத பிள்ளை என்று பேழையில் வைத்து நீரில் விட்டுவிடுகிறார்கள். அப்படியென்றால் பிறகு சிலம்போடு வழக்குரைக்க வரும்போது அவள் யார் முன்னால் நிற்கிறாள்? இது உறைத்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நடந்தேன்.

அடுத்தது நீலாவணனின் 'வேளாண்மை'. பெரியநீலாவணைக் கவிஞர். 1975இல் அவர் இறந்த பிறகுதான் இந்தக் காவியம் நூலாக வந்தது. கதையைவிட அதிலுள்ள எங்கள் பக்கத்துப் பேச்சுக்காகவே வாசித்தேன். இப்போது வயல் வட்டைக்குள் மெஷின் இறங்கினால் அறுவடையும் சூடடிப்பும் ஒரே ஓட்டத்தில் முடிந்துவிடுகிறது. சூடடிக்கிற களவெட்டியில் நெல்லை நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்று சொன்ன காலம் அதோடு போயிற்று. நிலக்காரப் போடியாரின் வயலைப் பொறுப்பெடுத்துச் செய்விக்கிறவரை முல்லைக்காரன் என்போம். என் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். "பூக்கடை வச்சிருக்கிறவரா?" என்றான்.

பழந்தமிழ் இசையை ஆராயும் 'யாழ் நூல்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் வாழ்நாள் உழைப்பு. 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகளார் காலமானார். மரியாதையோடுதான் தொடங்கினேன். ஆனால் சுருதிக் கணக்கு வந்த இடத்தில் தலை சுற்றிவிட்டது, இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. ரசித்த கணக்கில் இதைச் சேர்க்க மனச்சாட்சி விடவில்லை.

வழக்குரையை யாராவது எடுத்தால் மனசுக்குள் வாசிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். நான் ஒருநாள் இரவு விறாந்தையில் இருந்து கொஞ்சம் உரத்தே படித்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வைகாசி வந்துட்டா?" என்றா.