மலையேற்றக் கழகத்தின் பழைய ஆவணங்கள்: வகை பிரிப்பதற்கு முன்

முன்னாள் செயலாளர் வீட்டிலிருந்து வந்த பெட்டிகளில் கூட்டக் குறிப்பேடுகள், பயணப் பதிவேடுகள், ஆல்பங்கள், புளித்த வாடை வீசும் பிலிம் சுருள்கள் எல்லாம் கலந்து கிடப்பதாகவும், அவற்றை மலைவாரியாகப் பிரித்து, ஸ்கேன் செய்தபின் மூலங்களை அகற்றிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டையுமே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து.

செயலாளர் தாள்களை எந்த வரிசையில் வைத்திருந்தாரோ, அந்த வரிசையே ஒரு சான்று. தேதியில்லாத ஒரு வழிப்படத்தின் காலத்தை அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் கடிதங்களைக் கொண்டே பெரும்பாலும் கணிக்க முடிகிறது. மலைவாரியாகத் தேடும் வசதி வேண்டுமானால் அதற்கென ஓர் அட்டவணையைக் கணினியில் தயாரியுங்கள். தாள்களை இடம் மாற்றாதீர்கள்.

அவசரம் பிலிம்களுக்குத்தான். அந்த வாடை, அசிட்டேட் (ஒருவகை பிளாஸ்டிக்) பிலிம் சிதைந்து, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை வெளியிடுவதன் அறிகுறி. அந்த ஆவி அருகிலுள்ள நல்ல சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும் என்பதால், வாடை வீசும் சுருள்களை உடனே பிரித்தெடுத்து, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்து, முதலில் அவற்றையே ஸ்கேன் செய்யுங்கள். சிதைவை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தவே முடியும்.

ஆல்பப் படங்களை உரிக்க முயலாமல், பக்கத்தை அப்படியே 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் டிஃப் (TIFF) என்ற படக் கோப்பாகப் பதிவு செய்தால், ஓரத்தில் எழுதப்பட்ட பெயர்களும் சேர்ந்தே கிடைக்கும். படங்களில் இருப்பவர்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்த உறுப்பினர்களிடம் அச்சுப் பிரதிகளைக் காட்டி, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவும் செய்துகொள்ளுங்கள். என்னைக் கேட்டால், இதை ஸ்கேன் வேலை முடியும்வரை தள்ளிப்போடக் கூடாது. விபத்து அறிக்கைகளையும் உறுப்பினர் முகவரிகளையும் மட்டும் பொதுப் பார்வைக்கு வைக்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.