கியர் விழ மறுத்தால் முதலில் எங்கே பார்ப்பது? பைக் கிளட்ச் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வண்டி இயங்கிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் விழுவதே இல்லை, முதல் கியரிலிருந்து நேராக இரண்டாவதற்குப் போய்விடுகிறது. இன்ஜினை அணைத்தால் உடனே விழுகிறது. கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்கிறார்கள். பிரிக்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். இன்ஜினை அணைத்ததும் நியூட்ரல் விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே கியர்பாக்ஸின் மீதான சந்தேகத்தைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. லிவரை முழுவதும் இழுத்த பிறகும் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று சரியாக விலகாமல், இன்ஜினின் சுழற்சியில் ஒரு பங்கைக் கியர்பாக்ஸுக்குக் கடத்திக்கொண்டே இருந்தால், ஒன்றோடொன்று கோத்திருக்கும் கியர்களின் மீது சுமை நீங்காது. சுமை இருக்கும் வரை அவை பிரிய மறுக்கும். இன்ஜின் நின்றதும் அந்தச் சுமை போய்விடுகிறது, கியரும் இலகுவாக நகர்ந்துவிடுகிறது.

இதை உறுதிசெய்ய, இன்ஜின் நன்றாகச் சூடானபின் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாதவாறு பார்த்துக்கொண்டு, கிளட்சை இழுத்து முதல் கியரைப் போடுங்கள். சக்கரம் மெதுவாகச் சுற்றினால் கவலைப்பட வேண்டாம். பிளேட்டுகளுக்கு இடையே உள்ள ஆயிலே அதைச் சுற்றவைக்கும். பின் பிரேக்கை லேசாக மிதித்ததும் சக்கரம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் முரண்டுபிடித்தாலோ, இன்ஜின் திணறினாலோ கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். சக்கரத்தைக் கையாலோ காலாலோ நிறுத்திப் பார்க்கவே கூடாது.

கேள்வி: அப்படியானால் லிவரின் ஃப்ரீ பிளேயை (கேபிள் இறுகுமுன் லிவர் சும்மா நகரும் தூரத்தை) எவ்வளவு வைக்க வேண்டும்? எந்த முனையிலிருந்து தொடங்குவது?

பதில்: கேபிள் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் லிவரின் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை ஃப்ரீ பிளே இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே இறுதியானது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இந்த வேலையைச் செய்யுங்கள். முதலில் லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை ஏறக்குறைய முழுவதும் உள்ளே திருகி, கேபிளைத் தளர்த்துங்கள். இன்ஜின் மூடிக்குள் புஷ் ராடுக்கென்று (பிளேட்டுகளைப் பிரிக்கத் தள்ளும் கம்பிக்கென்று) தனி அட்ஜஸ்டர் உள்ள வண்டியானால் அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அது தவறாக இருக்கும்போது கேபிளை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. பிறகு இன்ஜின் பக்கத்துக் கேபிள் முனையில் பெரிய மாற்றத்தையும், கடைசியாக லிவர் பக்கத்தில் நுண்ணிய திருத்தத்தையும் செய்து, லாக் நட்டை இறுக்குங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுவதும் திருப்பும்போது ஃப்ரீ பிளே மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அது செல்லும் வழியைச் சரிசெய்யுங்கள்.

இதில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, அட்ஜஸ்டரைத் தொடுவதற்கு முன் ஃப்ரீ பிளே எந்தத் திசையில் மாறியிருக்கிறது என்று கவனிப்பதைத்தான். பெரும்பாலான கிளட்சுகளில் பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே குறையும். கேபிள் நீளும்போது அது கூடும். கூடிக்கொண்டே போனால் லிவரை விலக்கி, கேபிளின் குண்டு முனையருகே கம்பி இழைகள் அறுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அறுந்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. அது நடுவழியில் அறுந்துபோகும்.

கேள்வி: நான் கேபிளை நன்றாக இறுக்கிவிட்டேன். கியர் இலகுவாக விழுகிறது. ஆனால் மேட்டில் இன்ஜின் மட்டும் இரைகிறது, வேகம் ஏறவில்லை.

பதில்: ஃப்ரீ பிளேயே இல்லாமல் இறுக்கியிருக்கிறீர்கள். லிவரை விட்ட பிறகும் கேபிள் பிளேட்டுகளைச் சற்றே பிரித்துப் பிடித்திருப்பதால் கிளட்ச் வழுக்குகிறது. உடனே தளர்த்துங்கள், வழுக்கும் கிளட்சோடு ஓட்டினால் பிளேட்டுகள் விரைவில் கருகிவிடும். தளர்த்திய பின்னும் வழுக்கினால், ஊற்றியிருக்கும் ஆயிலைப் பாருங்கள். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் கலந்த கார் ஆயில், ஆயிலில் நனைந்து இயங்கும் கிளட்சுக்கு ஆகாது. ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். எம்பி என்று இருப்பதை இவ்வகைக் கிளட்சுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆயிலும் சரியென்றால் தேய்ந்த பிளேட்டும் களைத்த ஸ்பிரிங்கும்தான் மிச்சம்.

கேள்வி: காலையில் முதல் கியர் போடும்போது மட்டும் ‘டக்’கென்று சத்தம் வருகிறது.

பதில்: இரவு முழுவதும் நின்ற வண்டியில் குளிர்ந்த ஆயில் பிளேட்டுகளை ஒட்டவைத்திருக்கும். இன்ஜினை இயக்குமுன் லிவரை இழுத்துப் பிடித்து, இரண்டாவது கியரில் வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். ஐடிலிங் வேகம் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது இன்ஜின் சுழலும் வேகம்) கூடுதலாக இருந்தாலும் இச்சத்தம் பெரிதாகும்.

கேள்வி: புது கிளட்ச் பிளேட் செட் போட்டும் நியூட்ரல் கிடைக்கவில்லை. கேபிளும் புதியது. எங்கே தவறு?

பதில்: உராய்வுப் பிளேட்டுகளை மட்டும் மாற்றிவிட்டு, அவற்றுக்கிடையே இருக்கும் இரும்புப் பிளேட்டுகளையும், எல்லாப் பிளேட்டுகளும் அடங்கியிருக்கும் கூடை போன்ற ஹவுசிங்கையும் பார்க்காமல் மூடியிருப்பார்கள் என்றே எண்ணுகிறேன். பிளேட்டின் ஓரத்தில் நீட்டியிருக்கும் காதுகள் உட்காரும் ஹவுசிங் விரல்களில் நாளடைவில் பள்ளங்கள் விழுகின்றன. லிவரை இழுக்கும்போது பிளேட்டுகள் நழுவி விலகுவதற்குப் பதிலாக அந்தப் பள்ளங்களில் சிக்கிக்கொள்கின்றன. மேலோட்டமான தடத்தை அரத்தால் சமன்செய்யலாம். ஆழமாக இருந்தால் ஹவுசிங்கை மாற்றுவதே முறை. இரும்புப் பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தடித்த கண்ணாடியின் மேல் வைத்து, ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை) அடியில் நுழைத்துப் பாருங்கள். கையேட்டில் உள்ள வரம்பைவிட வளைந்ததை ஒதுக்கிவிடுங்கள். சில வண்டிகளில் கடைசி உராய்வுப் பிளேட்டின் காதுகள் மற்றவற்றின் வரிசையில் இல்லாமல் பக்கத்துக் குறுகிய வெட்டில் உட்கார வேண்டும். இதையும் கையேட்டின் படத்தோடு ஒப்பிடுங்கள். புதிய பிளேட்டுகளை இன்ஜின் ஆயிலில் ஊறவைத்தபின் பூட்டினார்களா என்றும் கேளுங்கள். ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்கியிருக்க வேண்டும்; ஒரு பக்கமாக இறுக்கினால், பிளேட்டுகளை அழுத்திப்பிடிக்கும் பிரஷர் பிளேட் சாய்ந்து உட்காரும்.

கேள்வி: இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் மாற்றுவது கடினமாக இருக்கிறது. இரண்டாவது கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றுவிடுகிறது.

பதில்: இவை கிளட்சின் குறைகள் அல்ல. அணைந்த வண்டியில் கியர்கள் நேருக்கு நேர் பொருந்தாமல் நிற்பது இயல்பு என்பதால், வண்டியை அசைத்துக்கொண்டே மாற்றிப் பாருங்கள். அப்போதும் கடினமென்றால், வண்டி எப்போதாவது விழுந்து கியர் லிவரின் ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்கு இன்ஜினைப் பிளக்கத் தேவையில்லை. ஆனால் ஓட்டத்தில் கியர் கழல்வது வேறு. கியரின் கோக்கும் முனைகள் மழுங்கியோ, கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்தோ இருக்கலாம். இன்ஜினைப் பிரித்தால்தான் தெரியும். தள்ளிப்போட்டால் செலவு பெருகும்.

கேள்வி: ஹைட்ராலிக் கிளட்ச் வண்டியில் லிவர் பஞ்சுபோல் அமுங்குகிறது. எங்கே அட்ஜஸ்ட் செய்வது?

பதில்: அட்ஜஸ்ட் செய்து தீராது, குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஃப்ளூயிட் மட்டம் குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடித்து அடைத்தபின் காற்றை வெளியேற்றுங்கள். தொட்டியின் மூடியில் எந்த ஃப்ளூயிட் எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். டாட் 4 (ஒருவகை பிரேக் ஃப்ளூயிட்) கேட்கும் அமைப்பில் மினரல் ஆயிலையோ, மினரல் ஆயில் கேட்கும் அமைப்பில் டாட் 4-ஐயோ ஊற்றினால் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும். பிரேக் ஃப்ளூயிட் பெயின்ட்டை அரிக்கும் என்பதால், தொடங்குமுன் டேங்கின் மேல் துணி விரித்துக்கொள்ளுங்கள்.