எழுதியதைப் போடுவதும் கேட்பதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செவிலியர். சென்ற மாதம் இரவுப் பணியின்போது, அதுவரை 6 யூனிட் இன்சுலின் பெற்றுவந்த நோயாளிக்கு 60 என்று எழுதியிருப்பதாகத் தெரிந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டேன். "எழுதியதைப் போடுங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் போடாமல் மூத்த செவிலியரிடம் சொல்ல, அவர் மருத்துவரை வார்டுக்கே வரவழைத்தார். 6-க்குப் பின்னால் இருந்தது சுழியம் அல்ல. யூனிட் என்பதற்குச் சுருக்கமாக எழுதிய 'யு' என்ற ஆங்கில எழுத்து, மேற்பகுதி மூடிக் கிடந்தது. மருத்துவருக்குச் சங்கடம் வேண்டாமென்று கேஸ் ஷீட்டில் நான் எதையும் எழுதவில்லை. மருத்துவர் சொல்லை மீறியது தவறோ என்று இன்னும் உறுத்துகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உறுத்தலுக்கு வயது அதிகம். 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்ட செவிலியருக்கான நைட்டிங்கேல் உறுதிமொழி (அதை நவீனச் செவிலியப் பணியின் முன்னோடியான ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் எழுதவில்லை, பெயர் மட்டுமே அவருடையது) மருத்துவருக்கு விசுவாசமாக உதவ வேண்டும் என்கிறது. தீங்கான மருந்தைத் தெரிந்தே கொடுக்கமாட்டேன் என்றும் அதே உறுதிமொழி சொல்கிறது. இரண்டும் மோதினால் எது மேல் என்பதற்குச் சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்று 1973-இல் திருத்திய நெறிமுறை விடை சொன்னது: செவிலியரின் முதற்பொறுப்பு, பராமரிப்பு தேவைப்படுபவரிடமே. ஊசியை ஏற்றுவது உங்கள் கை என்பதால், உத்தரவு வேறொருவருடையது என்று சொல்லி அந்தச் செயலிலிருந்து நீங்கள் விலகிக்கொள்ள முடியாது. அதுவும் இரவில், இன்சுலின் அதிகமாகிச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவரும் அயர்ந்து தூங்குபவரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள்.

போடாமல் விட்டதோடு நீங்கள் நின்றிருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். உரிய இன்சுலின் கிடைக்காததும் நோயாளிக்குத் தீங்குதான். கேட்டீர்கள், பதில் போதாதபோது அடுத்த படிக்குப் போனீர்கள். அது மீறல் ஆகாது.

என்னை உறுத்துவது நீங்கள் எழுதாமல் விட்டதுதான். அதே கையெழுத்து நாளை வேறொரு செவிலியரிடம், கேட்கத் தயங்கும் புதியவரிடம், போய்ச் சேரலாம். 'யூனிட்' என்பதை முழுச்சொல்லாகவே எழுத வேண்டும் என்ற விதி பல மருத்துவமனைகளில் இருப்பதே இப்படிப்பட்ட பிழைகளால்தான். ஆகவே இப்போதாவது பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுங்கள்: எத்தனை மணிக்கு என்ன படித்தீர்கள், தொலைபேசியில் என்ன பதில் வந்தது, கடைசியில் எத்தனை யூனிட் போடப்பட்டது. மருத்துவரின் அலட்சியம் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எழுதும் நாளின் தேதியையே போடுங்கள். பழைய தேதியிட்டு கேஸ் ஷீட்டில் நுழைத்தால் அது வேறொரு தவறாகிவிடும்.