பழைய டிரான்ஸ்ஃபார்மரில் புது சவுண்ட் இன்ஜின்: வேலூர் அன்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடியில் ஓடிய மாடல் ரயில் டீசல் இன்ஜினைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். தண்டவாளம் வழியே கட்டளை அனுப்பி ஓட்டும் டி.சி.சி. எனும் டிஜிட்டல் முறைக்காகச் செய்த, நிஜ இன்ஜின் போலச் சத்தம் போடும் சவுண்ட் இன்ஜினை, வோல்ட்டைக் கூட்டிக் குறைத்து ஓட்டும், வீட்டில் கிடக்கும் பழைய டி.சி. (நேர்மின்சார) டிரான்ஸ்ஃபார்மரில் ஓட்டலாமா என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். ஓட்டலாம். ஆனால் அந்த டிரான்ஸ்ஃபார்மர் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காட்பாடி: அப்பா வைத்திருந்த டிரான்ஸ்ஃபார்மர். திருகைப் பாதி தூரம் திருப்பியும் டீசல் உறுமுகிறதே தவிர, வண்டி நகரவில்லை. இன்ஜின் கோளாறா?

கோளாறே இல்லை சார். பழைய இன்ஜினில் தண்டவாளத்து மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகும். 2, 3 வோல்ட்டிலேயே சக்கரம் அசையும். புதியதில் நடுவே டிகோடர் என்று ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. முதல் 5, 6 வோல்ட் அது கண் விழித்துச் சத்தம் போடுவதற்கே சரியாகிவிடும். 7, 8 வோல்ட் தாண்டினால்தான் மோட்டாருக்கு விடும். இன்ஜினுக்கு இன்ஜின் இது கொஞ்சம் மாறும்.

வண்டி நின்ற பிறகும் உறுமல் கேட்க வேண்டுமானால் திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். போனால் சத்தமும் போய்விடும். என் கண்ட்ரோலரின் (வேகத் திருகு உள்ள அந்த டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிதான்) விளிம்பில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்: சிவப்பில் சத்தம் எழும், பச்சையில் வண்டி புறப்படும். ஓட்டமெல்லாம் பச்சைக்கு மேலே, நிறுத்தம் இரண்டுக்கும் நடுவே.

குடியாத்தம்: எனக்கு நேர்மாறு அண்ணே. தொட்டதுமே சத்தம் வந்து, கொஞ்சம் நகர்த்தினால் ஓட்டமெடுக்கிறது. அதே கண்ட்ரோலரில் பழைய இன்ஜின் ஆமை மாதிரி அழகாகப் போகிறது.

தம்பி, உங்களுடையது ரியோஸ்டாட் கண்ட்ரோலராக இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து பாருங்கள். சுற்றிய கம்பியின் மேல் ஒரு தகடு உரசி நகர்ந்தால் அதேதான்.

ரியோஸ்டாட் வோல்ட்டைத் தானாகக் குறைக்காது. இன்ஜின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் குறைக்கும். டிரான்ஸ்ஃபார்மர் 14 வோல்ட் தருகிறது, திருகு 20 ஓம்ஸில் நிற்கிறது என்று வையுங்கள். பழைய இன்ஜின் அரை ஆம்பியர் இழுத்தால் கம்பியிலேயே 10 வோல்ட் போய்விடும். தண்டவாளத்துக்கு மிச்சம் 4. புது இன்ஜின் நிற்கும்போது 0.1 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் கம்பியில் போவது 2 வோல்ட், தண்டவாளத்துக்கு 12. ஓட்டமெடுக்காமல் என்ன செய்யும்?

வைத்தியம் ரொம்ப மலிவு. பைக்கில் போடும் 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பு ஒன்று வாங்கி, கண்ட்ரோலரிலிருந்து தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு ஒயருக்கும் குறுக்கே இணைத்துவிடுங்கள். பல்பும் சேர்ந்து கரண்ட் இழுப்பதால் அதே 20 ஓம்ஸில் தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 6 வோல்ட்தான் போகும். இன்ஜின் நின்றபடி உறுமும். பல்பு சுடும், பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காதீர்கள். என் பல்பு ஒரு சிகப்பு மூடிக்குள் ஸ்டேஷன் ஓரம் எரிகிறது. பார்க்கிறவர்கள் சிக்னல் என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் திருத்துவதில்லை.

ஆற்காடு: கண்ட்ரோலரில் பல்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. போடலாமா?

வேண்டாம். பழைய மோட்டாரை மெதுவாக நகர்த்த மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பும் ஏற்பாடு அது. டிகோடருக்கு அது டிஜிட்டல் கட்டளை போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். குழம்பிப்போய் விக்கும், அணையும், சில சமயம் தறிகெட்டு ஓடும். வேகக் கட்டுப்பாட்டையே இப்படி வெட்டி வெட்டிச் செய்யும் கண்ட்ரோலர்களும் உண்டு. அவையும் சவுண்ட் இன்ஜினுக்கு ஆகாது.

ஆம்பூர்: சித்தப்பா அமெரிக்காவிலிருந்து வந்தபோது அவருடைய பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தார். லேபிளில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது.

நம் வீட்டு பிளக்கில் நேராகச் சொருகிவிடாதீர்கள் அம்மா. நம்முடையது 230 வோல்ட். ஒன்று டிரான்ஸ்ஃபார்மர் எரியும், இல்லையென்றால் தண்டவாளத்தில் இரண்டு மடங்கு வோல்ட் பாய்ந்து இன்ஜின் எரியும். நடுவில் 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் வேண்டும். அப்போதும் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது அமெரிக்காவில் இருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம் சுடும். வேலூர் மே மாதத்தில் மாடி அறையில் அரை மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு கொடுங்கள். ஒயரின் மேல்தோல் வெடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இன்னொன்று, இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். லேபிளில் 12 வோல்ட் என்று போட்டிருந்த ஒரு பழைய பெட்டியை நம்பிப் புத்தம் புது இன்ஜினை வைத்தேன். திருகைக் கடைசி வரை திருப்பியதும் உறுமல் கீச்சென்றது, பிறகு கருகிய நெடி, பிறகு அமைதி. அப்புறம் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் சுமை இல்லாமல் 21 வோல்ட்! சுமை ஏறும்போதுதான் அது 12-க்கு இறங்கும். ஆகவே முதலில் மீட்டர், பிறகு இன்ஜின். உங்கள் இன்ஜினோடு வந்த தாளில் உச்ச வோல்ட் எவ்வளவு என்று இருக்கும். அதைத் தாண்டுகிற பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில்தான் இருக்க வேண்டும்.

ராணிப்பேட்டை: செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். டி.சி.யில் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்பட்டு விற்றவரைத் திட்டாதீர்கள். டி.சி.சி.யில் ஓட்டுகிறவர்கள் பலர் டிகோடரின் டி.சி. வசதியை அணைத்துவைப்பார்கள். அந்த ஸ்விட்ச், டிகோடரின் நினைவில் உள்ள சி.வி. 29 என்ற அமைப்பு எண்ணுக்குள் இருக்கிறது. டி.சி.சி. வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லுங்கள். 2 என்று வந்தால் 6 ஆக்கச் சொல்லுங்கள். 34 என்று வந்தால் 38. கூட்டுகிற அந்த 4-தான் டி.சி.க்கான அனுமதி.

திருப்பத்தூர்: ஜோலார்பேட்டையில் பார்க்கிற மாதிரி இரட்டை இன்ஜின் போட ஆசை. முன்னால் சவுண்ட் இன்ஜின், பின்னால் பழைய இன்ஜின்.

பழையது 3 வோல்ட்டில் தள்ள ஆரம்பிக்கும், முன்னால் இருப்பது 8 வரை அசையாமல் நிற்கும். பல்சக்கரம் தேயும். பழைய இன்ஜினின் மோட்டார் ஒயரில், ஒரு திசையில் மட்டும் மின்சாரம் விடும் டையோடுகளை எதிரெதிர் ஜோடியாக வரிசைப்படுத்தினால் ஒவ்வொரு ஜோடியும் சுமார் 0.7 வோல்ட்டைத் தின்னும். ஏழு ஜோடி போட்டால் 5 வோல்ட் பின்வாங்கிவிடும். செய்திருக்கிறேன், ஓடும். ஆனால் இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுமென்று சத்தியம் செய்ய மாட்டேன். பழையதின் மோட்டாரைக் கழற்றிவிட்டுச் சும்மா இழுத்துக்கொண்டு போவது உத்தமம். பார்க்கிறவருக்கு இரட்டை இன்ஜின்தானே.

பாகாயம்: டி.சி.யில் ஹாரன் அடிக்க முடியுமா?

சிலவற்றில் முடியும். ஓடும்போது திசை ஸ்விட்சை மாற்றித் திருப்பினால், எவ்வளவு சட்டென்று செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஹாரனோ மணியோ கேட்கும். உங்களுடையதில் உண்டா என்று தாளைப் பாருங்கள். கை பழகுகிறவரை வண்டி பின்னால் ஓடும்.

வாலாஜாபேட்டை: நம் ரயில்வேயின் டபிள்யூ.டி.எம்.2 டீசல் இன்ஜின் மாடலுக்கு எந்தச் சத்தம் பொருத்தமாக இருக்கும்?

1856-ல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர்க்காரர் கேட்டால் சொல்லாமல் இருப்பேனா? அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைப்பு அது, உள்ளே இருப்பது 251 வகை டீசல். டிகோடரில் ‘ஆல்கோ 251’ சத்தம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ஹாரன் மட்டும் நம்மூர் மாதிரி இருக்காது.

வேலூர், தோட்டப்பாளையம்: பேசாமல் டி.சி.சி.க்கே மாறிவிடலாமா? பழையதையும் ஒயரில் வைத்துக்கொண்டு?

இரண்டையும் ஒரே நேரத்தில் தண்டவாளத்தில் விடவே கூடாது. தனித்தனிப் பகுதி என்று பிரித்தாலும், இடைவெளியைத் தாண்டும் ஒரு சக்கரம் இரண்டையும் சேர்த்துவிடும், டி.சி.சி. பெட்டி காலி. ஒன்று அல்லது மற்றொன்று என்று மாற்றும், நடுவில் அணைகிற இருவழி ஸ்விட்ச் போடுங்கள். அது மொத்தத் தண்டவாளத்துக்கும் சேர்த்து ஒன்றாக இருக்கட்டும்.

மாறுவதைப் பற்றி: ஒரு வட்டப் பாதை, ஒரு இன்ஜின் என்றால் அவசியமே இல்லை. ஒரே பாதையில் ஒன்று நிற்க, இன்னொன்று ஓட வேண்டும் என்று உங்கள் பேரன் அடம்பிடிக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.